டிக்கெட்டில் ஒன்றேகால் மணி, வீட்டிலிருந்து ஆறரை மணி



சென்ற மாதம் நடந்த நமது சங்கக் கூட்டத்தில் இளைய உறுப்பினர் ஒருவர் எழுந்து நன்றாகப் பேசினார். மதுரை விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையம் 420 கிலோ மீட்டர்தான். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான். இந்தக் காலத்திலும் நாம் விடிய விடிய பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போவது நமக்கே வெட்கம். ஆகவே மதுரையிலிருந்து இன்னும் அதிக விமானம் விடச் சொல்லி நம் பள்ளத்தாக்கு வணிகர்கள் சார்பில் மகஜர் கொடுக்க வேண்டும் என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. நான் மட்டும் தட்டவில்லை. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, "அண்ணாச்சிக்கு விமானம் என்றாலே பிடிக்காது போல" என்று ஒருவர் கேலி செய்தார். எனக்கு விமானத்தின் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. அந்தத் தம்பி சொன்ன 420 கிலோ மீட்டரும் சரி, ஒன்றேகால் மணியும் சரி. ஆனால் அவர் கணக்கை நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டார். முதல் வரியிலிருந்து எழுதினால் கூட்டுத்தொகை வேறு மாதிரி வருகிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சின்னமனூரில் என் கடை வாசலில் நின்று தெற்கே பார்த்தால் மேகமலை தெரியும். மழை விட்ட மறுநாள் பார்த்தால் கையை நீட்டித் தொட்டுவிடலாம் போல இருக்கும். காகம் நேராகப் பறந்து போனால் எவ்வளவு தூரம் வருமோ, அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் மலைச் சாலை. தென்பழனி செக்போஸ்ட் தாண்டினால் 18 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் அழகுதான், லோடு ஏற்றிய ஜீப்பின் டிரைவருக்கு அதில் ஒரு லாபமும் இல்லை. மாலை 6 மணிக்கு மேல் செக்போஸ்ட்டில் வண்டி விடமாட்டார்கள். மேலே உள்ள எஸ்டேட் கடைகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் அனுப்புகிற நாம் யாராவது, "காகம் பறக்கிற தூரத்துக்கு வாடகை போட்டுக்கொள்" என்று ஜீப்காரரிடம் சொல்லிவிட முடியுமா? சொன்னால் சரக்கை ரோட்டிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அரசாங்கமும் நம்மிடம் காகத்தின் தூரத்தைக் கேட்பதில்லை. ஈ-வே பில் போடும்போது புறப்படும் ஊர் பின்கோடு, சேரும் ஊர் பின்கோடு கொடுத்தால் சாலைத் தூரம்தான் வருகிறது. 2021 ஜனவரி முதல் 200 கிலோ மீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்குக் கெடு வைத்திருக்கிறார்கள். லாரி வழியில் நின்றால் கெடு தாண்டிவிடுமே என்று பதறுகிறவர்கள் நாம். சரக்கு விஷயத்தில் இவ்வளவு உஷாராக இருக்கிற நாம், நாமே ஏறிப் போகிற பயணம் என்று வரும்போது மட்டும் காகத்தின் கணக்கை நம்பிவிடுகிறோம்.

விமானத் தூரம் என்று எதைச் சொல்கிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம். பூமி உருண்டை. ஒரு பரங்கிக்காயின் மேல் இரண்டு இடத்தில் ஆணி அடித்து, நடுவில் நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்தால் நூல் எவ்வளவு வருமோ அதுதான் இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே சொல்லப்படும் தூரம். மதுரைக்கும் சென்னைக்கும் அது சுமார் 420 கிலோ மீட்டர். சாலையில் போனால் 460 வரும். ரயிலில் 490 வரும். ஆக விமானம் மிச்சப்படுத்தும் தூரம் 40, 70 கிலோ மீட்டர்தான். மிச்சமெல்லாம் வேகத்தில் வருவது.

சரி, வேகம். பெரிய ஜெட் விமானம் மேலே போய் நிலைப்பட்ட பிறகு மணிக்கு 800 கிலோ மீட்டருக்கு மேல் போகும். அந்தக் கணக்கில் 420 கிலோ மீட்டரை அரை மணியில் கடந்துவிட வேண்டும். பின் ஏன் ஒன்றேகால் மணி போடுகிறார்கள்? அட்டவணையில் போடும் நேரம் சக்கரம் தரையை விட்டு எழும்புவதிலிருந்து கணக்கு இல்லை. கதவைச் சாத்தி நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து, அந்த ஊரில் போய் நிற்கும் வரைக்கும் உள்ள நேரம் அது. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போக வேண்டும், மேலே ஏறும் வரை முழு வேகம் கிடையாது, இறங்கும்போதும் கிடையாது, சென்னையில் முன்னால் நாலு விமானம் இறங்கக் காத்திருந்தால் வட்டம் அடிக்க வேண்டும், இறங்கிய பிறகும் ஊர்ந்து வர வேண்டும். காற்றாடி வைத்த சிறிய விமானமாக இருந்தால் வேகம் மணிக்கு 500 அளவில்தான்; அதற்கு இன்னும் கால் மணி கூடுதலாகும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சென்னைக்கும் டில்லிக்கும் நேர் தூரம் சுமார் 1,760 கிலோ மீட்டர். மதுரை–சென்னையைப்போல நாலு மடங்கு. ஆனால் பயண நேரம் நாலு மடங்கு இல்லை, மூன்று மணிக்குள் முடிந்துவிடுகிறது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஊர்வதற்கும் ஆகிற நேரம் கிட்டப் போனாலும் அதேதான், எட்டப் போனாலும் அதேதான். நமக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால் அது சாக்கு எடை. சாக்குக்குள் பத்து கிலோ போட்டாலும் ஐம்பது கிலோ போட்டாலும் சாக்கின் எடை மாறாது. பத்து கிலோ சரக்குக்கு ஒரு சாக்கு போட்டால் யாருக்கு நஷ்டம்?

விமான நிலையத்துக்குள் இருக்கும் சாக்கு எடை அவ்வளவுதான். நம் கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு அதற்கு வெளியே இன்னொரு சாக்கு இருக்கிறது. சின்னமனூரிலிருந்து தேனி, ஆண்டிபட்டி கணவாய், உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம் வழியாக மதுரை விமான நிலையம் சுமார் 100 கிலோ மீட்டர். இரண்டரை மணி. கம்பம், கூடலூர்க்காரர்களுக்கு இன்னும் அரை மணி, முக்கால் மணி கூட. விமானம் புறப்பட ஒரு மணி நேரம் முன்பே பெரும்பாலும் கவுண்ட்டரை மூடிவிடுவார்கள் என்பதால், ஒன்றேகால் மணி முன்னால் போயாக வேண்டும். வழியில் டயர் பஞ்சராகுமோ என்ற பயத்தில் நாம் ஒன்றரை மணி முன்னால் போய் உட்காருவோம். காலை 8 மணி விமானத்துக்கு 4 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 3 மணிக்கு எழ வேண்டும். 9.15-க்குச் சென்னையில் இறங்கி, நடந்து, பெட்டிக்காக நின்று வெளியே வர 9.45. மெட்ரோ ரயில் இருப்பதால் இப்போது மீனம்பாக்கத்திலிருந்து உயர் நீதிமன்றம், மண்ணடி வரைக்கும் மாறாமலே போகலாம். 2019 பிப்ரவரிக்கு முன்னால் அந்த வசதி இல்லை. எப்படியும் கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் ஒரு கடை வாசலில் நிற்கும்போது மணி பத்தரை. நாலு மணிக்குக் கிளம்பி பத்தரை மணிக்குச் சேர்ந்தால் ஆறரை மணி நேரம். அதில் விமானத்தில் இருந்தது ஒன்றேகால் மணி. மீதி ஐந்தேகால் மணி சாக்கு.

எல்லாம் ஒழுங்காக நடந்தால்தான் இந்தக் கணக்கு. நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2018 டிசம்பரில் ஒரு நாள் மாலை 6 மணிக்குச் சென்னையிலிருந்து ஒரு புரோக்கர் போன் செய்தார். எனக்கு 3 லட்சத்து 80 ஆயிரம் பாக்கி வைத்திருந்த ஒரு பார்ட்டி கடையை மூடப் போவதாகவும், மறுநாள் காலை 11 மணிக்குப் பாக்கிக்காரர்கள் எல்லாரையும் கூட்டிப் பேசப் போவதாகவும் தகவல். நான் வழக்கப்படி ராத்திரி பஸ்ஸுக்குச் சீட்டுப் போடச் சொன்னேன். என் மகன், "அப்பா, இந்த வயசுல எதுக்கு ராத்திரி முழுக்கக் குலுங்கணும்? காலையில ஃபிளைட்ல போங்க. ஒரு மணி நேரம். பத்தரைக்கு நீங்க அங்க இருப்பீங்க" என்றான். அவன் பாசத்தில் சொன்னான். நானும் சரி என்றேன். டிக்கெட்டுக்கு ஆன பணம் பஸ் டிக்கெட்டைப்போல ஐந்து மடங்கு. 3 லட்சத்து 80 ஆயிரம் வரப் போகும்போது இது என்ன பெரிய காசு என்று நினைத்தேன்.

காலையில் மதுரை விமான நிலையத்தில் உட்கார்ந்தேன். அந்த ஊரிலிருந்து வர வேண்டிய விமானம் பனிமூட்டத்தால் வரவில்லை. வந்தால்தானே திரும்பிப் போகும்? நேரப் பலகையில் 8 மணி 9 ஆயிற்று, 9 பத்தேகால் ஆயிற்று. பனி யார் குற்றமும் இல்லை. அதற்கு நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. டாக்சி பிடித்து நான் அந்தக் கடை வாசலுக்குப் போனபோது மணி ஒன்றரை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. போடியைச் சேர்ந்த நமக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர், அவருக்கும் அதே புரோக்கர்தான் அதே மாலை போன் செய்திருக்கிறார், ராத்திரி 8 மணி பஸ்ஸில் ஏறித் தூங்கி, காலை 7 மணிக்குக் கோயம்பேட்டில் இறங்கி, குளித்துச் சாப்பிட்டுவிட்டு 9 மணிக்கே அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். தன் பாக்கிக்கு ஈடாக முந்திரி டின்னும் மிளகு மூட்டையும் எழுதி வாங்கி மினி லாரியில் ஏற்றிவிட்டார். என்னைப் பார்த்ததும், "என்ன அண்ணாச்சி, இப்பத்தான் வர்றீங்களா? டீ சாப்பிடுங்க" என்றார். டீ சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது? எனக்கு இரண்டு வருஷம் நடந்து ரூபாய்க்கு நாற்பது காசு வீதம் வந்தது.

பனி இல்லாமல் இருந்திருந்தால் பத்தரைக்குப் போயிருப்பேன், என்ன குறை என்று கேட்கலாம். அப்போதும் அவர் எனக்கு ஒன்றரை மணி முந்தியிருப்பார். பஸ் 11 மணி நேரம் எடுத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் அந்த 11 மணியில் ஒரு மணிகூட வியாபார நேரம் இல்லை. கடையைச் சாத்திவிட்டுப் போனார், சென்னையில் கடை திறக்கும்போது இறங்கினார். நான் ஆறரை மணியில் போயிருந்தாலும் அதில் ஒரு பகுதி பகல் நேரம், அதாவது கல்லாவில் உட்கார வேண்டிய நேரம். கடிகாரத்தில் எத்தனை மணி என்பது ஒரு கணக்கு; கடை நேரத்தில் எத்தனை மணி போயிற்று என்பது இன்னொரு கணக்கு. நமக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

இப்போது பஸ் பக்கத்திலும் ஒரு கஷ்டம் சேர்ந்திருக்கிறது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென் மாவட்ட பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து பாரிமுனை போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி. இதுவும் ஒரு சாக்கு எடைதான். ஆனாலும் விடிகாலையில் நடப்பதால் கடை நேரத்தைத் தொடுவதில்லை.

விமானமே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். விமானத்தில் போய் நஷ்டப்பட்டதைச் சொன்னேன், பிழைத்ததையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் டில்லி காரி பாவ்லி மார்க்கெட்டுக்கு ஏலக்காய் அனுப்பியிருந்தேன். லாரி போய்ச் சேர்ந்த அன்று இரவு அங்கிருந்து போன்: சரக்கு நனைந்து வந்திருக்கிறது, மொத்த லோடையும் திருப்பி அனுப்பப் போகிறோம், இல்லையென்றால் கிலோவுக்கு 300 ரூபாய் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று. அந்த வாரம் போடி ஏலத்தில் விலை இறங்கிக்கொண்டிருந்தது. விலை இறங்கும்போதெல்லாம் எங்கோ ஒரு மூட்டை நனையும் என்பது ஏலக்காய் வியாபாரிகளுக்குத் தெரியும். மறுநாள் காலையில் மதுரையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து டில்லி என்று மாறி, சாயங்காலம் அங்கே போய் நின்றேன். என் எதிரிலேயே மூட்டைகளைப் பிரிக்கச் சொன்னேன். தார்ப்பாய் ஓரத்தில் இருந்த இரண்டு மூட்டைதான் ஈரம். அந்த இரண்டுக்கு மட்டும் தள்ளிக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்தேன். ரயிலில் போயிருந்தால் மதுரையிலிருந்தே 40 மணி நேரத்துக்கு மேல். நான் போய் இறங்குவதற்குள் எத்தனை மூட்டை நனைந்திருக்குமோ!

அந்த டில்லிப் பயணத்திலும் அதே ஐந்து மணி சாக்கு எடை இருந்தது. சென்னையில் மாறக் காத்திருந்ததைச் சேர்த்தால் ஏழு, எட்டு மணிகூட இருக்கும். ஆனால் அது 40 மணி நேர ரயில் பயணத்தைத் தவிர்த்தது. சென்னைக்கு அதே சாக்கைப் போட்டு, பஸ்ஸைவிட நாலைந்து மணி மிச்சம் பிடிக்கப் பார்க்கிறோம். அதுவும் தூங்குகிற நேரத்தில். என் சொந்தக் கணக்கு இதுதான்: ஒரு ராத்திரியில் தரை வழியாகப் போய்விடக்கூடிய ஊர் என்றால் எனக்கு விமானம் வேண்டாம். ஒரு ராத்திரியில் முடியாது என்றால் யோசிக்காமல் விமானம். மருத்துவ அவசரம், துக்கம் இவற்றுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அதைச் சொல்லவே வேண்டியதில்லை.

தூரம் கிட்ட, நேரம் எட்ட என்பதற்குக் கொழும்பைவிட நல்ல உதாரணம் கிடையாது. மதுரையிலிருந்து கொழும்பு விமான நிலையம் நேர் தூரத்தில் சுமார் 355 கிலோ மீட்டர். சென்னையைவிட அறுபது எழுபது கிலோ மீட்டர் கிட்ட! 2012 செப்டம்பரில் மதுரையிலிருந்து நேராகக் கொழும்புக்கு விமானம் விட்டபோதுதான் நம்மில் பலருக்கு இது தெரிந்தது. எங்கள் தாத்தா காலத்தில் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்பு போனார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, அந்த வழியும் போயிற்று. இன்று சென்னையைவிடக் கிட்ட இருக்கிற ஊருக்குப் போகப் பாஸ்போர்ட், விசா, சுங்கம், மூன்று மணி முன்னால் ஆஜர். வரைபடத்தில் கிட்ட இருக்கிறது என்பதால் வியாபாரத்துக்குக் கிட்ட இருக்கிறது என்று ஆகிவிடாது.

துபாயில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். கொச்சி நெடும்பாசேரியிலிருந்து போவதா, மதுரையிலிருந்து போவதா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். கொச்சியிலிருந்து துபாய் சுமார் 2,780 கிலோ மீட்டர், மதுரையிலிருந்து 2,950. வானத்தில் 170 கிலோ மீட்டர் என்பது பன்னிரண்டு நிமிஷம். அந்தப் பன்னிரண்டு நிமிஷத்துக்காகக் குமுளி ஏறி மலைச் சாலையில் ஐந்து மணி நேரம் போக வேண்டியதில்லை. ஆடி மாத மழையில் ராத்திரி போகவே கூடாது. டிக்கெட் விலையில் பெரிய வித்தியாசம் இருந்தால் அது வேறு. இன்னொன்று, துபாய் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். போகும்போது இரண்டரை மணியில் போய்விடுவது போலவும், வரும்போது ஐந்தரை மணி ஆவது போலவும் தெரியும். இரண்டுமே நாலு மணி சுமார்தான். அந்த ஊர்க் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால் ஓடுகிறது, அவ்வளவுதான்.

நூல் பிடித்த தூரத்தில்கூட விமானம் எப்போதும் போவதில்லை என்பதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2019 பிப்ரவரி முதல் ஜூலை வரை பாகிஸ்தான் தன் வான்வழியை மூடியபோது டில்லியிலிருந்து மேற்கே போன விமானங்கள் சுற்றிக்கொண்டு போயின. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மறுபடியும் மூடினார்கள். டில்லிக்கும் லண்டனுக்கும் தூரம் ஒரு கிலோ மீட்டர்கூட மாறவில்லை. நேரமும் எரிபொருளும் கூடின. கம்பத்தில் திருவிழாவுக்கு ரோட்டை அடைத்தால் நம் லாரி சுற்றிப் போவதில்லையா, அது மாதிரி.

சரக்கு விஷயத்துக்கு வருகிறேன். நம் பள்ளத்தாக்கில் விளைவதில் விமானத்தில் ஏற்றத் தகுந்தது எது? ஏலக்காய் கெட்டுப்போகிற பொருள் இல்லை. அவசர சாம்பிளைத் தவிர லாரியே போதும். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த கம்பம் பன்னீர் திராட்சை, பூ, கறிவேப்பிலை, கீரை இவைதான் நேரத்தோடு போட்டி போடுகிறவை. இதில் விமானக் கம்பெனிகளின் எடைக் கணக்கை நம் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டியின் நீள அகல உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் ஒரு எடை வரும். தராசு காட்டும் எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. ஏலக்காய் லிட்டருக்கு 400 கிராம் நிற்கும் என்பதால் தராசு எடைக்கே போகும். மல்லிகையும் கறிவேப்பிலையும் இடத்தை அடைப்பவை. பத்து கிலோ பூவுக்கு இருபது கிலோவுக்கு மேல் காசு கட்டிவிட்டு அப்புறம் தலையில் கை வைக்கக் கூடாது. அதற்கும் மேலே, கூடலூர்த் தோட்டத்தில் காலையில் அறுத்த திராட்சை வெயிலில் மூன்று மணி நேரம் திறந்த வேனில் மதுரை போய்ச் சேர்ந்தால், அப்புறம் விமானம் எவ்வளவு வேகமாகப் போய் என்ன? பழம் கெடுவது வானத்தில் இல்லை, உசிலம்பட்டியில்.

ஆகவே மகஜர் கொடுப்பதாக இருந்தால் எதைக் கேட்டுக் கொடுப்பது என்பதுதான் என் கேள்வி. மதுரையிலிருந்து சென்னைக்கு இன்னொரு விமானம் வந்தால் மதுரைக்காரருக்கு லாபம். அவர் வீட்டிலிருந்து அரை மணியில் விமான நிலையம் போய்விடுவார். நமக்கு ஒன்றேகால் மணியில் ஒரு நிமிஷமும் குறையாது, ஐந்தேகால் மணியிலும் குறையாது. குறைக்கக்கூடிய இடம் முதல் நூறு கிலோ மீட்டரில் இருக்கிறது. இன்று கம்பத்திலிருந்து பஸ்ஸில் விமான நிலையம் போக நினைத்தால் ஆரப்பாளையத்தில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் மாறி மாறிப் போக வேண்டும். வாடகைக் கார் வைத்தால் கார் வாடகை சில நாள் விமான டிக்கெட்டையே தாண்டிவிடுகிறது. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனி வழியாகத் திருமங்கலம் சுற்றி நேராக விமான நிலையத்துக்கு விடிகாலையில் ஒரு அரசு பஸ், சாயங்கால விமானங்களுக்கு ஒன்று, திரும்பி வர இரண்டு. இதைக் கேட்டால் செலவும் பெரிதில்லை, கிடைக்கவும் வாய்ப்பு உண்டு.

அதைவிடப் பெரிதாக ஒன்றைக் கேட்க வேண்டும் என்றால் ரயிலைக் கேளுங்கள். 1928-ல் போட்ட மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையை 2010 டிசம்பர் இறுதியில் அகலப்பாதை வேலைக்காக நிறுத்தினார்கள். தேனி வரை ரயில் வர 2022 மே ஆயிற்று, போடி வரை வர 2023 ஜூன் ஆயிற்று. பதினோரு பன்னிரண்டு வருஷம் நாம் ரயில் சத்தமே கேட்காமல் இருந்தோம். அதற்கு நம் சங்கங்கள் எத்தனை மகஜர் கொடுத்தன என்பது பழைய உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். 2023 ஜூன் 15 முதல் வாரம் மூன்று நாள் என்று போடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. இரவு ஏறிப் படுத்தால் காலையில் சென்ட்ரல். அங்கிருந்து நம் மார்க்கெட் கூப்பிடு தூரம். இதைத் தினசரி ரயிலாக்கக் கேட்பதுதான் நமக்குத் தலைக்குமேல் லாபம். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூருக்கு ரயிலே கிடையாது; திண்டுக்கல்லிலிருந்து லோயர் கேம்ப் வரை பாதை கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறை ஓய்ந்துவிட்டது. அந்தக் கோரிக்கையையும் விடக் கூடாது.

கூட்டத்தில் பேசிய தம்பியை அடுத்த நாள் கடையில் சந்தித்தேன். மேலே சொன்ன கணக்கைச் சிட்டையில் எழுதிக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க சொல்றது சென்னைக்குச் சரி. ஆனா இன்னிக்கு விமானம் கேக்கலேன்னா நாளைக்கு எட்ட ஊருக்கெல்லாம் நேர் விமானம் எப்படி வரும்?" என்றார். நியாயமான கேள்வி. எட்ட ஊருக்கு நேர் விமானம் கேட்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. டில்லிக்குச் சென்னையில் மாறாமல் போக முடிந்தால் எனக்கே இரண்டு மூன்று மணி மிச்சம். ஆகவே அந்த வரியையும் சேர்த்தே மகஜரை இருவரும் சேர்ந்து எழுதியிருக்கிறோம்: விமான நிலையத்துக்கு நேர் பஸ், போடி–சென்னை ரயில் தினசரி, லோயர் கேம்ப் ரயில் பாதை, கடைசியாக எட்ட ஊர்களுக்கு நேர் விமானம். இந்த வரிசையில்தான் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

நகல் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. கடை முத்திரையோடு வந்து கையெழுத்துப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வரிசையை மாற்ற வேண்டும் என்பவர்களும் வரலாம். டீ என் செலவு.